கயாக்கைக் கூரையில் ஏற்ற எந்த ரேக்? மாலை நேரத்துக் கைகளைக் கேட்டு முடிவெடுங்கள்

காலையில் கயாக்கை வண்டிக் கூரையில் ஏற்றுவது எளிது. உடம்பில் தெம்பு இருக்கும், படகு காய்ந்திருக்கும், காலுக்குக் கீழே சமமான தரை இருக்கும். அதே படகை, நான்கு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டுக் கரையேறிய பிறகு ஏற்றிப் பாருங்கள். தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருக்கும். கால் சேற்றில் வழுக்கும். வடியாமல் கிடக்கும் ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோ கூடுதல் எடையாகி, தூக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஆளையே சாய்க்கும். எஸ்.யூ.வி.யின் கூரையோ பெரும்பாலும் தரையிலிருந்து 1.7 முதல் 1.9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் குறுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் படகு உட்காரும் தாங்கி. தலைக்கு மேல் கையை நீட்டி, அந்த உயரத்தில் 25 கிலோவை எங்கும் இடிக்காமல் நிதானமாக இறக்கி வைக்க வேண்டும்.

ரூஃப் ரேக்குகளை, அதாவது கூரையில் பூட்டும் இந்தக் கம்பியும் தாங்கியும் சேர்ந்த அமைப்புகளை, ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் காற்று இரைச்சல், பூட்டு, தோற்றம் என்று சுற்றி வரும். எனக்கு அவை இரண்டாம்பட்சம். இதுவரை நான்கு விதமான அமைப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றில் இரண்டைக் கைமாற்றிவிட்டேன். இரண்டுமே சாலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏற்றி இறக்குவது பெரும்பாடாக இருந்ததால், விடுமுறை நாளில்கூடப் படகை எடுக்க வேண்டாம் என்று மனம் சாக்குச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு ரேக் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதல் அதுதான். ஆகவே ஒவ்வோர் அமைப்பைப் பற்றியும் நான் கேட்கும் கேள்வி இது: களைத்துப்போன ஒருவர், அதிலும் தனி ஆளாக, இதில் படகை ஏற்ற முடியுமா?

எடைக் கணக்கு

அந்தக் கேள்விக்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தப்பாகப் போட்டால் மற்றதெல்லாம் வீண். ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் கூரை தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது கூரையில் இருக்கக்கூடிய எடை அது. எஸ்.யூ.வி.க்களில் 75 கிலோ, 100 கிலோ என்பவை அடிக்கடி காணும் எண்கள். சில மாடல்களில் 50 கிலோ என்றும் அதற்குக் கீழேயும்கூட இருக்கும். கூரைமேல் கூடாரம் போடுகிறவர்கள் சொல்லும் பெரிய எண் வேறு. அது வண்டி நிற்கும்போது தாங்கும் எடை. கயாக்குக்கு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இந்த எண்ணுக்குள் படகு மட்டும் அடங்கினால் போதாது. கம்பி, அதைக் கூரையோடு பிடித்து நிறுத்தும் கால்கள், தாங்கி, கட்டும் பட்டை எல்லாமே அதற்குள் வர வேண்டும். தவிர, கம்பிக்கென்று ஒரு வரம்பு, தாங்கிக்கென்று ஒரு வரம்பு உண்டு. எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. 100 கிலோ தாங்கும் கூரையில் 75 கிலோ தாங்கும் கம்பியைப் பூட்டினால் கிடைப்பது 75தான். கரடுமுரடான பாதை என்றால் இன்னும் குறையும். அங்கே அனுமதிக்கும் எடையை மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் ரேக் நிறுவனங்கள் இருக்கின்றன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நீர்க்கரைக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கூரை வரம்பு 75 கிலோ. கால்களோடு சேர்த்து இரண்டு குறுக்குக் கம்பிகள் சுமார் 7 கிலோ. இரண்டு படகுகளுக்கான ஜே வடிவத் தாங்கிகள் இன்னொரு 7 கிலோ. மீதி 61. தலா 22 கிலோ எடையுள்ள இரண்டு சிறிய கயாக்குகள் என்றால் தாராளமாக இடம் இருக்கிறது. தலா 30 கிலோ என்றால் விளிம்பில் நிற்கிறோம். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கினாலே வரம்பு தாண்டிவிடும். இப்போது அதே கூரையில், படகைத் தூக்கிவிட உதவும் இயந்திரக் கை பொருத்திய தாங்கிகள் இரண்டைப் போடுங்கள். அவை ஒவ்வொன்றும் 15 கிலோவைத் தாண்டும். கம்பிக்கு 7, தாங்கிகளுக்கு 30க்கு மேல். படகுக்கு 38 கிலோகூட மிஞ்சாது. இரண்டு படகுகளுக்காக வாங்கிய கருவி, ஒரே ஒரு படகைத்தான் ஏற்ற விடும். கருவியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுத் திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

படகின் எடையையும் பட்டியலில் படித்து நம்பாமல் தராசில் வைத்துப் பாருங்கள். 3 மீட்டர் பிளாஸ்டிக் கயாக் 20 கிலோ பக்கம் இருக்கும். 5 மீட்டர் கடல் கயாக் ஃபைபர்கிளாஸில் 22 முதல் 26 வரை. பிளாஸ்டிக்கில் 30ஐத் தொடும். மீன்பிடிக்கென்று செய்யப்படும், மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான கயாக்குகள் 35இல் தொடங்கும். மிதித்து ஓட்டும் வகை 50ஐயும் தாண்டிப் போகும். இருக்கையையும் மிதியையும் கழற்றி வண்டிக்குள் வைத்தால் சில கிலோக்கள் உடனே இறங்கும். ஐந்து நிமிட வேலைதான், சோம்பல்படாமல் செய்யுங்கள்.

கம்பிகள்: காசை இங்கே போடுங்கள்

பலர் தாங்கியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணில் படுவது அதுதானே. ஆனால் படகைப் பிடித்து நிற்பவை அடியிலுள்ள இரண்டு குறுக்குக் கம்பிகள். அவை நன்றாக அமைந்துவிட்டால் மேலே எதை வைத்தாலும் வேலை நடக்கும். அவை சரியில்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த தாங்கியும் ஆடும்.

கம்பி எங்கே உட்காரும் என்பதை உங்கள் வண்டியின் கூரை முடிவு செய்கிறது. இரண்டு ஓரங்களிலும், கையை நுழைக்குமளவு இடைவெளியோடு நீளவாக்கில் ரெயில் ஓடினால் அது வரம். கம்பியின் காலை முன்னும் பின்னும் நகர்த்தி, வேண்டிய இடத்தில் கவ்வ வைக்கலாம். ரெயில் கூரையோடு ஒட்டியிருந்தால் அதன் வடிவத்துக்கென்றே செய்த கால் வேண்டும். ரெயிலே இல்லாத மொட்டைக் கூரையில், கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கொக்கி கவ்வும். கம்பி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை உங்கள் மாடலுக்கான பொருத்தும் குறிப்பே சொல்லிவிடும், இஷ்டப்படி நகர்த்த முடியாது. சில வண்டிகளின் கூரையில் மூடி போட்ட திருகுத் துளைகள் ஒளிந்திருக்கும். பழைய முரட்டு வண்டிகளில் மழைநீர் வடியும் விளிம்பு இருக்கிறதே, அதைப் போல எளிமையான, உறுதியான பிடிப்பு எதுவும் இல்லை.

இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 60 செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம், 80, 90 கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நான்கு மீட்டர் படகை 60 செ.மீ. இடைவெளியில் வைத்தால் முன்னும் பின்னும் தலா 1.7 மீட்டர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கக் காற்று அந்த நீட்டத்தைப் பிடித்துத் தள்ளினால், படகே ஒரு நெம்புகோலாகிக் கம்பியின் கால்களைத் திருகும். இடைவெளியை 90 செ.மீ. ஆக்கினால் கால்களில் விழும் அந்த விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நீண்ட கூரையுள்ள எஸ்.யூ.வி.யின் பெரிய ஆதாயமே இதுதான். வண்டியோடு வந்த கம்பிகளிடம் நான் மனக்குறைப்படுவதும் இங்கேதான்: பல வண்டிகளில் அவை பெட்டி வைப்பதற்காக நெருக்கமாகப் பொருத்தப்பட்டவை, எடை வரம்பும் குறைவு. அளவெடுத்துப் பார்த்து, இடைவெளியும் வரம்பும் போதும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். போதாதென்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

அடுத்தது அகலம். கால்களோடு முடிந்துவிடும் கம்பி ஒரு வகை. கால்களைத் தாண்டி இருபுறமும் நீண்டிருக்கும் கம்பி இன்னொரு வகை. முதல் வகை பார்வைக்கு அழகு, இரைச்சலும் குறைவு. ஆனால் ஒரு மீட்டர் பக்கம்தான் பயன்படும் இடம் கிடைக்கும். இரண்டாவது வகையில் 120 முதல் 135 செ.மீ. வரை கிடைக்கும். ஒரு படகுதான் எப்போதும் என்றால் முதல் வகை போதும். இரண்டு என்றால் நீண்ட கம்பிதான். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. கதவைத் திறந்து இறங்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் முனை நெற்றியில் படாத அளவுக்குப் பார்த்துக்கொண்டால் சரி.

கம்பியின் வடிவம் பற்றி நீண்ட விவாதங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரக் கம்பி உறுதியானது, மலிவானது, தாங்கி அதில் சுழலாது, காற்றில் ஊளையிடும். உருண்டைக் கம்பியில், கவ்வி தளர்ந்தால் தாங்கி முன்னும் பின்னும் சாயும். விமான இறக்கை வடிவக் கம்பி அமைதியானது; அதன் முதுகில் நீளப் பள்ளமாக ஓடும் காடிக்குள் தாங்கியின் திருகைச் செலுத்திப் பூட்டலாம். தாங்கியை ஒரு விரல் அளவு நகர்த்துவதுகூட அதில் எளிது. என் தேர்வு அதுதான். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ரேக்கைக் கழற்றி வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்குச் சதுரக் கம்பியே தாராளம்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். தூலே 1942இல் ஸ்வீடனில் மீன்பிடிப் பொறி செய்து தொடங்கிய நிறுவனம். அமெரிக்காவின் யகிமா, கயாக்குக்குள் கால் ஊன்றும் மிதிகளைச் செய்த இடத்திலிருந்து வளர்ந்தது. ரைனோ ரேக் ஆஸ்திரேலியாவின் கரடுமுரடான பாதைகளுக்குப் பேர்போனது. முதல் இரண்டும் தண்ணீரோடு உறவு வைத்துப் பிறந்தவை என்பது எனக்குப் பிடித்த செய்தி. இவற்றில் எதை வாங்கினாலும் கெட்டுப்போகமாட்டீர்கள். உங்கள் வண்டி மாடலுக்கான கால் எந்த நிறுவனத்திடம் சரியாகப் பொருந்துகிறதோ, அதுவே உங்களுக்கான நிறுவனம். ஒருவருடைய கம்பியில் இன்னொருவருடைய தாங்கியைப் பூட்டுவதாக இருந்தால், காடியின் அகலமும் திருகின் தலையும் ஒத்துப்போகின்றனவா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பொருத்திய பிறகு, முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் கால்களின் திருகுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள். புதிய ரப்பர் அழுந்தி இடம் கொடுத்திருக்கும்.

படகு எதில் உட்காரும்?

கம்பியே இல்லாமல், நுரைக் கட்டைகளைக் கூரையில் வைத்து, பட்டையைக் கதவு வழியாக உள்ளே விட்டுக் கட்டும் முறை எல்லாவற்றிலும் மலிவு. மெதுவாக ஓட்டிப் பத்து நிமிடத்தில் சேரக்கூடிய தொலைவுக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை இரவல் வண்டியில் அப்படித்தான் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் மழை. பட்டையைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே இறங்கி மடியில் சொட்டியது, அதைப் பொறுத்துக்கொண்டேன். எதிரே ஒரு பெரிய லாரி கடந்தபோது கூரையில் ஏதோ நழுவும் சத்தம். படகின் முன்முனையை வண்டியின் முன்பக்கத்தோடு கட்டி, கண்ணாடிக்கு நடுவே நேராகத் தெரிந்துகொண்டிருந்த முன்கயிறு இடது மூலைக்குப் போயிருந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் படகு கூரையின்மேல் குறுக்கே திரும்பி நிற்கிறது. பின்கட்டைக்கு அடியில் சிக்கியிருந்த மணல், பெயின்ட்டில் வில் போல ஒரு கீறலை வரைந்திருந்தது. முன்கயிறு மட்டும் இல்லாவிட்டால் அந்தப் படகு யார் மேலே போய் விழுந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்கடுத்த எளிய வழியை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்: நல்ல கம்பிகள், அவற்றின்மேல் தடித்த நுரை உறை, அதன்மேல் படகைக் கவிழ்த்து வைப்பது. தாங்கி வாங்கும் செலவு இல்லை, தாங்கியின் எடையும் இல்லை, உயரமும் கூடவில்லை. பிளாஸ்டிக் படகின் அடிப்பகுதியை வெயிலில் கம்பிமேல் வைத்து இறுக்கினால் குழி விழும். கவிழ்த்து வைத்தால் உறுதியான மேல்விளிம்பு எடையைத் தாங்கிக்கொள்ளும், அடிப்பகுதி தப்பிவிடும். மழையும் உள்ளே தேங்காது. கொந்தளிப்பான ஆறுகளில் சிறிய படகு ஓட்டுபவர்கள் பலர் இப்படித்தான் கொண்டுபோகிறார்கள். ஒரே படகு, அதுவும் 25 கிலோவுக்குள் என்றால் இதற்கு மேல் தேட வேண்டியதே இல்லை. மேல்தளத்தில் இருக்கையும் தூண்டில் பிடிப்பானுமாகத் துருத்திக்கொண்டிருக்கும் படகுக்குத்தான் இது ஒத்துவராது.

கடைகளில் அதிகம் காணப்படுவது ஜே வடிவத் தாங்கி. படகு அதில் ஒருக்களித்துப் படுக்கும். படகின் பக்க விளிம்பு உறுதியான பகுதி என்பதால் பிளாஸ்டிக் படகுக்கு இந்தப் படுக்கை நல்லது. அகலம் மிச்சமாகும், 70 செ.மீ. அகலப் படகுகூட 45 செ.மீ. பக்கம்தான் இடத்தைப் பிடிக்கும், ஆகவே இரண்டு படகுகள் ஒரே கம்பியில் அடங்கும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் வாங்கினேன். யாரும் சொல்லாதது ஏற்றும் விதம். பக்கவாட்டில் நின்று, படகைத் தோளுக்கு மேல் உயர்த்தி, ஜேயின் வெளிக்கையைத் தாண்டி உள்ளே சரிக்க வேண்டும். கம்பியின் உயரத்தோடு அந்தக் கையின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. படகின் முழு எடையும் ஒரே நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் கணம் ஒன்று இதில் தவிர்க்கவே முடியாதது. 20 கிலோவில் அது ஒன்றுமில்லை. 28 கிலோவில், அதுவும் தனி ஆளுக்கு, அந்தக் கணத்தில்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது. கதவில் பள்ளம் விழுவதும் அப்போதுதான். ஜே வாங்குவதாக இருந்தால் மடங்கும் வகையை வாங்குங்கள். படகு இல்லாத நாட்களில் தாழ்வான வாயில்களில் இடிக்காது. 34 கிலோ போல ஒரு வரம்பு பல தாங்கிகளில் உண்டு. அகலமான மீன்பிடிப் படகு அதில் உட்காரவும் மறுக்கும்.

நான் இப்போது பெரிதும் நம்புவது சேணம்போல் அமைந்த தாங்கி. நான்கு மெத்தைகள், படகின் வயிற்றுக்கு ஏற்றபடி சாயும். படகு நிமிர்ந்த நிலையில் உட்காரும். இதன் பெரிய குணம், பின்பக்கத்திலிருந்து ஏற்றலாம் என்பது. வண்டிக்குப் பின்னால் படகை நீளவாக்கில் கிடத்துங்கள். முன்முனையை, அதாவது அணியத்தை மட்டும் தூக்கிப் பின்கம்பியின்மேல் சாத்துங்கள். பின்முனை தரையில் இருப்பதால் கையில் வருவது பாதி எடைதான். பிறகு பின்பக்கம் போய்ப் பின்முனையைத் தூக்கி முன்னால் தள்ளுங்கள். இப்போதும் பாதி எடைதான். தள்ளத் தள்ள, படகின் நடுப்பகுதி கம்பியை நெருங்க நெருங்க, கையிலிருக்கும் கனம் கரைந்துகொண்டே போகும். நடுப்பகுதி கம்பியைத் தாண்டும் இடத்தில் பின்முனை சட்டென்று லேசாகி, அணியம் தானாக முன்தாங்கியை நோக்கித் தாழும். 30 கிலோ படகு அந்த நொடியில் ஒரு கதவைத் தள்ளுவதுபோல ஆகிவிடுகிறது. முதல்முறை அதை உணர்ந்தபோது, இத்தனை ஆண்டுகள் ஏன் தோளை வதைத்தேன் என்று இருந்தது.

எஸ்.யூ.வி.யில் இதற்கு ஒரு தடை உண்டு. பின்கம்பி பெரும்பாலும் கூரையின் பின்விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். இடையே ஸ்பாய்லர் என்ற காற்றுத் தகடும், சுறாத் துடுப்பு போன்ற ஆன்டெனாவும் நிற்கும். சாத்திய படகு ஸ்பாய்லரில் உரசும். தடித்த கம்பளத்தை விரிக்கலாம். அல்லது கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் உருளையை ஒட்டலாம். உருளை ஒட்டும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் பாதி வழியில் கழன்றுவிடும், ஆகவே ஒரு ஈரத்துணியை வண்டியிலேயே வைத்திருங்கள். கம்பியில் பூட்டி, பின்னால் நீட்டிக்கொள்ளும் உருளைகளும் கிடைக்கின்றன. யகிமாவின் ஷோபோட் அந்த வகை. சேணத்தின் உண்மையான குறை அகலம்தான். இரண்டு 70 செ.மீ. படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க 140 செ.மீ. வேண்டும், அவ்வளவு கம்பி பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. மழையில் படகுக்குள் தண்ணீர் நிறையாமல் இருக்க, உட்காரும் குழிக்கு மூடி போட மறக்காதீர்கள்.

மூன்று, நான்கு மெலிந்த படகுகளை ஏற்றுகிறவர்களுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் கம்பம் இருக்கிறது. படகுகள் அதன் இருபுறமும் சாய்ந்து நிற்கும். எடை வரம்பு அனுமதித்தால் குழுவாகப் போகிறவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்குத் தேவையில்லை.

தூக்கிவிடும் கருவிகளைப் பற்றி அவசரமாகக் குறை சொல்ல மாட்டேன். தூலேயின் ஹல்லவேட்டர் ப்ரோவில் தாங்கி கூரையிலிருந்து வண்டியின் பக்கவாட்டில் இடுப்பளவு இறங்கி வருகிறது. படகை அங்கேயே வைத்து, பட்டையை அங்கேயே கட்டி, மேலே தள்ளினால் அதிலுள்ள கேஸ் ஸ்ட்ரட் என்ற, வாயு அழுத்தத்தில் தூக்கிவிடும் தண்டு 18 கிலோ வரை சுமையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. தோளில் பழைய காயம் உள்ளவருக்கும், முதுமையிலும் படகை விட மனமில்லாதவருக்கும் இது வாழ்வையே நீட்டித் தரும் கருவி. அதைப் பயன்படுத்தி அறுபதைத் தாண்டியும் தனியாகத் தண்ணீருக்குப் போகிறவரைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் 34 கிலோவுக்கு மேற்பட்ட படகுக்கு அது இல்லை; அதன் சொந்த எடை முன்பு போட்ட கணக்கில் விழும்; வண்டிக்குப் பக்கத்தில் நின்று இயக்க இடம் வேண்டும். ஒரு படகு, நல்ல வரம்புள்ள கூரை, வலிக்கும் தோள்: இந்த மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

40 கிலோவைத் தாண்டிய படகுக்கு என் பதில் கூரையே அல்ல. சிறிய டிரெய்லர் இடுப்பு உயரத்துக்குக் கீழே நிற்கும். ஒரு நல்ல ரேக்கும் தாங்கியும் தூக்கும் கருவியும் சேர்ந்து ஆகும் செலவை அதன் பக்கத்தில் வைத்து ஒரு முறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டுவது

100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டரில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமம். 80இல் அது 30 கிலோதான், 120இல் 68. வேகம் கொஞ்சம் கூடினால் காற்றின் பலம் அதன் வர்க்கத்தில் கூடுகிறது. கூரையில் படகு இருக்கும் நாளில் நான் 90ஐத் தாண்டாததற்கு இந்த மூன்று எண்கள்தான் காரணம்.

பட்டை பாலியஸ்டரில் இருக்கட்டும்; நைலான் நனைந்தால் நீளும். இறுக்குவதற்குப் பல் வைத்துக் கவ்வும் கேம் பக்கிள் போதும். கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் வேண்டாம். அதன் நெம்புகோல் உங்கள் கைக்குத் தெரியாமலேயே படகை நசுக்கிவிடும். ஃபைபர்கிளாஸில் விரிசல், பிளாஸ்டிக்கில் நிரந்தரக் குழி. கையால் இழுத்து இறுக்கி, படகைப் பிடித்து ஆட்டினால் வண்டியே சேர்ந்து ஆட வேண்டும், அதுதான் அளவு. பட்டையைக் கம்பிக்கு அடியில் கொண்டுபோய்ச் சுற்றி வாருங்கள், கம்பியின் முனையில் வெறுமனே மாட்டாதீர்கள். காற்றில் பட்டை ரீங்கரித்தால் அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், சத்தம் அடங்கிவிடும். உச்சி வெயிலில் இறுக்கியதை, வண்டி நிற்கும் நேரத்தில் சற்றுத் தளர்த்திவிடுங்கள்.

அணியத்துக்கும் பின்முனைக்கும் தனித்தனியே கயிறு கட்டாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. இன்றைய பம்பர்களில் கயிறு மாட்ட இடமே இருப்பதில்லை. பானட்டின் உட்புறத் திருகில் மாட்டி, பயணத்தின்போது மட்டும் வெளியே எடுக்கும் பட்டை வளையங்கள் கிடைக்கின்றன. அந்தக் கயிற்றை விறைப்பாக இழுக்காதீர்கள், படகு வளையும். தொய்வில்லாமல் இருந்தால் போதும். கண்ணுக்கு எதிரே அந்தக் கயிறு தெரிந்துகொண்டே இருப்பதில் இன்னொரு பயன் உண்டு. மேலே எது நகர்ந்தாலும் முதலில் சொல்வது அதுதான். பின்னால் படகு நீண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டுங்கள். எவ்வளவு நீளலாம் என்ற சட்டத்தை உங்கள் பகுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்கதவு தானாகத் திறக்கும் வண்டி என்றால், அது மேலே நீண்டிருக்கும் படகில் இடிக்காதபடி கதவு எழும் உயரத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைப் பிடிக்க முடியாது.

எனக்கு அமைந்தது

சிறிய படகு ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு நுரை உறை போட்ட கம்பிகள். ஓர் ஆள், கனமான ஒரு படகு என்றால் சேணமும் உருளையும். இரண்டு பேர் சேர்ந்து இரண்டு லேசான படகுகளைத் தூக்கினால் ஜே. இதுவரை சொன்னதிலிருந்து நீங்களே இதை ஊகித்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 24 கிலோ கடல் கயாக் ஒன்றும், 28 கிலோ பிளாஸ்டிக் படகு ஒன்றும். கூரை வரம்பு 75. இரண்டு படகுக்கும் ஒரே வகைத் தாங்கி வேண்டும் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. இப்போது ஒரு பாதியில் ஜே, மறு பாதியில் சேணம். 125 செ.மீ. கம்பியில் ஜே 45ஐயும் சேணத்துப் படகு 68ஐயும் எடுத்துக்கொள்ள, கை நுழைய இடமும் மிஞ்சுகிறது. கம்பிகள் 7, தாங்கிகள் 7, படகுகள் 52: மொத்தம் 66 கிலோ. கனமான பிளாஸ்டிக் படகைப் பின்பக்கத்திலிருந்து முதலில் தள்ளிவிடுகிறேன், அதற்கு யாரையும் கூப்பிடுவதில்லை. லேசானதைப் பக்கவாட்டில் ஜேயில் ஏற்ற மட்டும் மனைவி ஒரு முனையைப் பிடிக்கிறார். கரையில் ஈரத்துணியை உதறுவதிலிருந்து முன்கயிறு கட்டி முடிப்பது வரை, இருட்டும் நேரத்தில், களைத்த கைகளோடு, பதினைந்து நிமிடம் ஆகிறது.